நடைக்குக் கூலி

விருதுநகர் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் தொழிலகப் பொறியியல், மேலாண்மைப் பாடங்களை வகுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, குழு உறுப்பினர்களே,

சிவகாசி, சாத்தூர் பக்கம் அச்சகத்திலும் பட்டாசு ஆலையிலும் உற்பத்திப் பொறுப்பில் நெடுநாள் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, கூப்பிடுகிற கல்லூரிகளுக்குப் போய் வேலை ஆய்வு பற்றியும் உற்பத்தித் திட்டமிடல் பற்றியும் பேசி வருகிறேன். பாடத்திட்டத் திருத்தம் என்றாலே இப்போது செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று இரண்டு தாள்களைச் சேர்த்துவிட்டுப் பழைய தாள் ஒன்றைத் தூக்குவது என்றாகிவிட்டது. சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கப் போகிற பட்டியலில் வேலை ஆய்வும் ஆலை அமைப்பும் இருப்பதாகக் காதில் விழுந்ததால்தான் இந்த மடல். வேறு எந்த மாவட்டத்தில் அந்த இரண்டு தாள்களும் போனாலும் இந்த மாவட்டத்தில் போகக்கூடாது. அதற்காக இப்போது நடத்துகிற மாதிரியே நடத்தினாலும் பிரயோஜனம் இல்லை.

ஆலை அமைப்புப் பாடத்தின் முதல் வகுப்பில் நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? பொருள் நகரும் தூரத்தைக் குறை. எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு எத்தனை பெட்டி போகிறது என்று கட்டம் போட்டு, கொடுக்கல் வாங்கல் அதிகமுள்ள பிரிவுகளை அக்கம்பக்கத்தில் வைக்கிறோம். மாணவனும் கணக்கை ஒழுங்காகப் போட்டு மார்க் வாங்குகிறான். அவனே சாயங்காலம் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிற பட்டாசு ஆலை இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது. கரிசல் காட்டில் ஏக்கர் கணக்கில் இடம், அதில் தள்ளித் தள்ளிச் சிறு அறைகள். மருந்து கலக்கும் அறைக்கும் மருந்து செலுத்தும் அறைக்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட வெற்றுத்தரை. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் அதன் கீழ் வந்த 2008-ஆம் ஆண்டு விதிகளும் அந்த வெற்றுத்தரையைக் கட்டாயமாக்குகின்றன. ஓர் அறை போனாலும் அடுத்த அறை நிற்க வேண்டும்.

தூரத்தோடு விடவில்லை. மொத்தமாகச் செய்தால் செலவு குறையும் என்கிறது பாடநூல். இங்கே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். அரைகுறைச் சரக்கு அடுத்த மேசையில் தயாராக இருந்தால் ஆள் சும்மா இருக்க மாட்டார் என்கிறது பாடநூல். இங்கே அறைக்குள் இருக்கும் மருந்தின் எடைக்கு உச்சவரம்பு உண்டு. ஆட்களை நெருக்கி உட்கார வைத்தால் மேற்பார்வை சுலபம். இங்கே அறைக்கு நான்கு பேர் என்பதைப் பத்திரிகை படிக்கிற எல்லாருமே அறிவார்கள். இரும்புக் கருவி கூடாது. உள்ளே நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை மண்ணில் இறக்கிவிட்டுப் போக வேண்டும். உற்பத்தியைக் கூட்டும் ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே இங்கே ஒரு ‘கூடாது’ நிற்கிறது. கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுச் சிறந்த விடையைத் தேடுவதுதான் நம் பாடத்தின் உயிர் என்றால், சீனத்துப் பட்டாசு நகரான லியுயாங்கை விட்டால் இப்படி ஓர் ஆய்வுக்கூடம் எந்தக் கல்லூரி வாசலிலும் கிடைக்காது. நான் பேசப் போன வகுப்புகளில் கரும்பலகையில் இருந்த உதாரணம் கார் தொழிற்சாலை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பட்டாசு வேலை பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. இத்தனை குரோஸ் முடித்தால் இவ்வளவு என்று கணக்கு. குழாய் சுருட்டுகிறவர், மருந்து செலுத்துகிறவர், திரி வைக்கிறவர் எல்லாருக்கும் முடித்த எண்ணிக்கைக்குத்தான் காசு. சட்டமோ அறைகளைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறது. அந்தத் தூரத்தை நடந்து போய் மருந்தோ வெற்றுக் குழாயோ எடுத்து வருகிற நேரத்துக்கும், வரும்வரை காத்திருக்கிற நேரத்துக்கும் கூலிச் சீட்டில் இடமில்லை. அதாவது, பாதுகாப்புக்காக விட்ட இடைவெளியின் செலவு ஆலைக் கணக்கில் ஏறாமல் வேலைக்காரர் தலையில் விழுகிறது.

அவர் என்ன செய்வார்? நான்கு நடையில் எடுக்க வேண்டியதை இரண்டு நடையில் எடுத்து வருவார். மருந்து தீர்ந்து கை ஓய்ந்தால் அன்றைய காசு குறையும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே பக்கத்தில் வைத்துக்கொள்வார். அறைக்குள் இருக்கக் கூடாத எடை இப்படித்தான் சேருகிறது. தூரத்தைக் கூட்டச் சொன்ன விதியும், நடைக்குக் காசு தராத கூலியும் சேர்ந்தால் மருந்து ஓரிடத்தில் குவியும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரணமானவை. நாமோ இதைப் பேராசை என்றும் அறியாமை என்றும் சொல்லி விழிப்புணர்வு முகாம் நடத்திக்கொண்டிருக்கிறோம். முகாமில் தலையாட்டிவிட்டுப் போகிற பெண்ணுக்கு மறுநாள் காலையில் அதே குரோஸ் விலைதான்.

இதற்கான தீர்வு உங்கள் பாடத்திட்டத்திலேயே பல வருடமாகக் கிடக்கிறது. நேர ஆய்வில் அடிப்படை நேரத்தோடு களைப்புக்கு, சொந்தத் தேவைக்கு, தவிர்க்க முடியாத தாமதத்துக்கு என்று சலுகை நேரம் சேர்த்துத்தான் திட்ட நேரம் போடச் சொல்கிறோம். அந்தச் சலுகையில் நடையைச் சேருங்கள். செம்புத் தகட்டைத் தொட்டு நிற்கிற நேரத்தை, சிந்தின மருந்தைக் கூட்டி அள்ளுகிற நேரத்தைச் சேருங்கள். அப்படிப் போட்ட குரோஸ் விலை பழைய விலையைவிட எவ்வளவு ஏறும்? கடையில் விற்கிற ஒரு பெட்டி புஸ்வாணத்தின் விலையில் அது எத்தனை பைசா? கைப்பேசியை வாசலில் கொடுத்துவிட்டு, சாவி கொடுக்கிற பழைய ஸ்டாப்வாட்சோடு நான்கு மாணவர்கள் ஒரு செமஸ்டர் உட்கார்ந்தால் பதில் வந்துவிடும். வரிசைக் கோட்பாட்டில் 1961-ல் ஜான் லிட்டில் நிறுவிய சூத்திரம் இருக்கிறதே, சராசரி இருப்பு என்பது வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது என்று, அதை வங்கிக் கவுன்டரையும் டோல்கேட்டையும் வைத்து நடத்துகிறோம். வாடிக்கையாளர் என்ற இடத்தில் கலந்த மருந்து என்று போட்டுப் பாருங்கள். அறையில் எத்தனை கிலோ இருக்கும் என்பதை விபத்துக்குப் பிறகு மதிப்பிடத் தேவையில்லை, முதலிலேயே போட்டுவிடலாம்.

மேலாண்மை மாணவர்களுக்கு டூபாண்ட் என்ற பெயர் பழக்கமானது. முதலீட்டின் மீதான வருவாயைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் டூபாண்ட் பகுப்பாய்வை நிதி மேலாண்மைத் தேர்வில் எழுதித் தள்ளியிருப்பார்கள். அந்தக் கம்பெனி 1802-ல், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், பிராண்டிவைன் ஆற்றங்கரையில் கருமருந்து ஆலையாகத் தொடங்கியது என்று எந்த வகுப்பிலும் சொல்லக் கேட்டதில்லை. அங்கே மருந்து அரைக்கும் கூடங்களுக்கு மூன்று பக்கம் தடித்த கல்சுவர். ஆற்றைப் பார்த்த பக்கமும் கூரையும் வேண்டுமென்றே லேசாகக் கட்டியவை; வெடித்தால் வேகம் ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று. நிறுவனர் டூ பாண்ட் ஆலையைப் பார்த்த மேட்டிலேயே வீடு கட்டிக் குடும்பத்தோடு குடியிருந்தார். 1818-ல் நடந்த பெருவெடிப்பில் அந்த வீடும் சேதமடைந்தது. சூத்திரத்தை எடுத்துக்கொண்டோம், சுவரையும் வீட்டையும் விட்டுவிட்டோம்.

முதலாளியே ஆலையைப் பார்த்துக் குடியிருந்த அந்த வீட்டைச் சொன்னதும், முதலாளி ஒதுங்கிக்கொள்கிற நம் ஊர் உள்குத்தகை ஞாபகம் வருகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை அவர் மூன்று, நான்கு பேருக்குப் பிரித்து விட்டிருப்பார். சட்டம் இதை ஒத்துக்கொள்வதில்லை, ஆனாலும் நடக்கிறது. குத்தகைக்கு எடுத்தவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆட்கள், அவரவர் ஆர்டர், கொடுத்த வாடகையை மீட்கிற அவசரம். ஒரே வளாகத்துக்கு நான்கு உற்பத்தித் திட்டம், மொத்தத்தையும் பார்க்கிற ஆள் யாருமில்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகு ஊரெல்லாம் பேசியது இந்த உள்குத்தகையைத்தான். நிறுவன அமைப்பு, பொறுப்பு ஒப்படைப்பு என்று மேலாண்மைத் தாளில் ஒரு முழு அலகு ஓடுகிறது. அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை எந்த வெளிநாட்டு நூலில் தேடுவீர்கள்?

உற்பத்தித் திட்டமிடலுக்கு வருவோம். பருவகாலத் தேவை என்று பாடநூல் பன்னிரண்டு மாதக் கட்டம் போடும். நம் ஊர்த் தொழிலுக்கு வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை. தீபாவளி முடிந்து ஆலை அடைத்துப் பூஜை போட்டுத் திறந்தால் வருடம் ஆரம்பம். ஆடிப்பெருக்கில் விலைப்பட்டியல், முன்பதிவு. அதற்குப் பிறகு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த வருடத்தின் நீளமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2023-ல் தீபாவளி நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. முதல் இரண்டு இடைவெளிகளும் 354 நாட்கள். அடுத்தது 2026 நவம்பர் 8, அதாவது 384 நாட்கள். ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் ஒரு மாதம் வித்தியாசம்! வருடம் நீண்டால் கடைசி வாரங்கள் ஐப்பசி மழைக்குள் போகும். மருந்தும் குழாயும் வெயிலில் காய வேண்டிய தொழிலில் அந்த வாரங்களை எப்படிக் கணக்கில் எடுப்பது? வருடம் முழுக்க ஒரே சீராகச் செய்து வைத்தால் அவசரம் இருக்காது, ஆனால் கிடங்கில் வைக்கக்கூடிய எடைக்கு உரிமத்தில் வரம்பு இருக்கிறது, காசும் முடங்கும். வட மாநில ஏஜென்ட் முன்பணம் எப்போது வருகிறதோ அப்போதுதான் கச்சாப்பொருள் வாங்க முடிகிற சின்ன ஆலைக்குச் சீரான உற்பத்தி என்பது ஆசை மட்டும்தான். மழை, கிடங்கு, காசு என்ற மூன்று வரம்புகளையும் வைத்து ஒரு கணக்கு எழுதுங்கள். தேர்வில் பதினாறு மார்க்குக்குத் தாராளமாக வரும்.

அறைகளின் எண்ணிக்கைதான் ஆலையின் கொள்ளளவு. அறைக்கு நாலு பேர், அறைக்கு இவ்வளவு எடை என்றால் ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கு. அதற்கு மேல் ஆர்டர் வாங்கினால் மீதி வேலை எங்கே போகும்? மரத்தடிக்கும் தகரக் கொட்டகைக்கும் போகும். ‘மரத்தடியில் பட்டாசு தயாரிப்பு, ஆலைக்கு சீல்’ என்று வருகிற செய்தி, தொழிலகப் பொறியியல் கண்ணுக்குக் கொள்ளளவை மீறி ஒத்துக்கொண்ட ஆர்டர். அது ஆடி மாதம் ஆர்டர் புத்தகத்திலேயே தெரிந்துபோகிற விஷயம்.

ஆலை விபத்துகள் நடந்த தேதிகளைப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. தேதிகளைப் பார்த்தால் தீபாவளி நெருக்கடி என்ற ஒற்றைப் பதில் போதாது என்பது புரியும். பிப்ரவரியில் என்ன நெருக்கடி? ஒவ்வொரு முறையும் செய்தியில் ‘உராய்வு காரணமாக’ என்று எழுதுவார்கள். உராய்வு வேதியியல் காரணம். அந்த அறையில் அந்த நேரத்தில் அத்தனை பேரும் அவ்வளவு மருந்தும் ஏன் இருந்தன என்பது நம் பாடத்தின் கேள்வி, அதைக் கேட்கப் பயிற்சி பெற்றவர் அந்த வளாகத்தில் இருந்ததில்லை. விபத்து நடந்தால் உரிமையாளரோடு கைதாகிறவர் போர்மேன். கூலி விகிதம் அவர் போட்டதில்லை, ஆர்டர் அவர் வாங்கியதில்லை, குத்தகை அவர் விட்டதில்லை.

நம் கல்லூரிகளில் தொழிற்பாதுகாப்புப் பொறியியல் முதுகலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல காரியம். என் சங்கடமே அங்கேதான். பாதுகாப்பு ஒரு துறையில், உற்பத்தித்திறன் வேறு துறையில் என்று பிரித்துவிட்டோம். ஒரு கட்டடத்தில் இடைவெளி ஏன் வேண்டும் என்று படிக்கிறார்கள். எதிர்க் கட்டடத்தில் இடைவெளியைக் குறைப்பது எப்படி என்று படிக்கிறார்கள். இரண்டு வகுப்பு மாணவர்களும் கேன்டீனில் மட்டுமே சந்திக்கிறார்கள். ஆகவே ‘பட்டாசுத் தொழில்நுட்பம்’ என்று ஒரு விருப்பப்பாடத்தைச் சேர்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அதை எடுக்கிற பத்துப் பேரோடு அது முடிந்துபோகும். கட்டாயத் தாள்களான வேலை ஆய்வு, ஆலை அமைப்பு, உற்பத்தித் திட்டமிடல், செலவுக் கணக்கு ஆகியவற்றுக்குள் இதைக் கொண்டுபோக வேண்டும்.

பாடத்திட்டம் என்பது எங்கிருந்தோ இறங்கி வந்த வேதம் இல்லை. பென்சில்வேனியாவில் 1909-ல் ஹியூகோ டீமர் முதல் தொழிலகப் பொறியியல் துறையைத் தொடங்கியபோது அங்கே இருந்தது இரும்பும் இயந்திரமும், அதைத்தான் பாடமாக்கினார். 1952-ல் இந்தியா வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உற்பத்தித்திறன் குழு துணி ஆலைகளிலும் பொறியியல் ஆலைகளிலும் வேலை ஆய்வைச் செய்து காட்டியது. 1958-ல் தேசிய உற்பத்தித்திறன் குழு, 1963-ல் பம்பாயில் தொழிலகப் பொறியியல் பயிற்சி நிறுவனமான நிட்டி, எல்லாம் அந்த வழியில் வந்தவை. நம் ஊர் முன்னோடிகள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழிலைக் கற்க கல்கத்தாவுக்குப் போனார்கள், வேலை நடக்கிற இடத்தில் இருந்து கற்றுத் திரும்பினார்கள். 1984-ல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியின் பெயரிலேயே திருமங்கலத்து உலோகப் பவுடர் கம்பெனி இருக்கிறது. மத்தாப்பின் வெள்ளை வெளிச்சம் அலுமினியப் பவுடர் தருவது. இவ்வளவு நெருக்கம் இருந்தும் வகுப்பறைக்குள் டொயோட்டாதான் ஓடுகிறது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். பெற்றோர் பிள்ளையைப் பட்டாசு ஆலைக்கு அனுப்பவா இவ்வளவு கட்டணம் கட்டுகிறார்கள்? தாயில்பட்டியிலும் ஏழாயிரம்பண்ணையிலும் காலையில் ஆலை வேன் ஏறுகிற அம்மாக்கள், தங்கள் மகன் அந்த வேனில் ஏறக்கூடாது என்றுதான் படிக்க வைக்கிறார்கள். நியாயம். குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையில் எம்.சி. மேத்தா வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது சிவகாசியை வைத்துத்தான். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் இப்போது உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்ப ஆலைக்கு அனுப்பச் சொல்லவில்லை. சென்னையில் கிடங்கு மேலாளராகப் போகிறவனுக்கும், பெங்களூரில் மருந்துக் கம்பெனிக்குப் போகிறவளுக்கும் கட்டுப்பாட்டை முதலில் வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை வளர்க்க அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்த தொழிலைவிடச் சிறந்த பாடம் இல்லை. வகுப்பில் குரோஸ் கணக்கு என்றதும் நிமிர்ந்து உட்காருகிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது வீட்டுப் பேச்சு.

தொழிலின் எதிர்காலமே கேள்விக்குறி என்பது இன்னொரு வாதம். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சரவெடியை நிறுத்தியது, பேரியம் உப்புகளைத் தடுத்தது, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தன. ஒரு தீர்ப்பில் ஒரு சரக்கு வரிசையே மறைந்துபோனால் அந்த வரிசையில் இருந்த அறை, ஆள், முன்பணம் எல்லாவற்றையும் எப்படி மாற்றி அமைப்பது? இதையும் இடர் மேலாண்மைத் தாளில்தானே வைக்க வேண்டும். தொழில் சுருங்கினாலும் அந்தக் கேள்வி சுருங்காது.

பட்டாசு ஒன்றையே பிடித்துத் தொங்கச் சொல்லவும் இல்லை. விருதுநகர் பருப்பு, எண்ணெய், வத்தல் வியாபாரத்தில் இருப்புக் கட்டுப்பாட்டுத் தாள் முழுவதும் இருக்கிறது. சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளில் தரக் கட்டுப்பாடு. சிவகாசி காலண்டர் அச்சில் எந்த வேலைக்கு முன்னால் எந்த வேலை என்ற வரிசைப்படுத்தல் கணக்கு வருடா வருடம் புதிதாக வருகிறது. (அந்தக் கணக்கில் முடி நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.)

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறை சார்பில் ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. பெரும்பாலும் வேலைவாய்ப்புக்கு உதவுவார் என்று சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு மனிதவள அதிகாரியை அழைக்கிறோம். அடுத்த முறை அந்த இடத்தைச் சான்றிதழ் பெற்ற ஒரு போர்மேனுக்குக் கொடுங்கள். சிறப்பு அழைப்பாளராக, பல வருடம் மருந்து செலுத்திய ஒரு பெண்மணியையும் கூப்பிடுங்கள். வரைவுப் பாடத்திட்டத்தை அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, ஆலை அமைப்புப் பகுதி வரும்போது நிறுத்திக் கருத்துக் கேளுங்கள். அமர்வுப்படிப் படிவத்தில் கல்வித்தகுதிக் கட்டம் இருக்கும். ஐந்தாம் வகுப்பு என்று நிரப்பினால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பாதபடி முன்கூட்டியே பேசி வையுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை போடுங்கள், மற்ற நாளில் வந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். ஆள் பிடித்துத் தருவது என் பொறுப்பு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உற்பத்தி மேலாளர் ஒருவர்,
சிவகாசி